வாரிசுப் பட்டியலில் ஒரு வரி

காக்காவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, வந்தவர்கள் நெய்ச்சோறு உண்டு கலைந்த பின்னர், அவருடைய இளைய மகன் இறப்புச் சான்றிதழின் நகலோடு என் முன் வந்து அமர்ந்தான். ஆண்டு 2022. தக்கலையில் தாலுகா அலுவலகத்தை ஒட்டிய தெருவில் முப்பத்தைந்து ஆண்டுகளாக மனு எழுதிப் பிழைப்பவன் நான். குடும்பத்தில் எவருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். வாரிசுச் சான்றிதழ் மனு எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய காரியம். இறந்தவர் பெயர், இறந்த நாள், அதன்கீழ் வாரிசுகளின் பெயர், வயது, உறவுமுறை.

“மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மூணு பேருதானே சாச்சா” என்றான் அவன்.

மூன்று வரிகளை எழுதினேன். நான்காவது வரி வெறுமையாக இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, “இரண்டு நாள் கழித்து வா” என்று சொல்லி அனுப்பினேன்.

காக்காவுக்குப் பிள்ளைகள் மூவர். மூத்த பிள்ளை பிறந்தபோது ஆண் குழந்தை என்று சொல்லித்தான் பாங்கு ஓதினோம். அதைப் பள்ளியில் சேர்த்த மனுவும் நான் எழுதியதுதான். பதின்மூன்று, பதினான்கு வயதில் அந்தப் பிள்ளையின் நடையும் குரலும் எல்லார் கண்ணிலும் பட்டன. அடித்துப் பார்த்தார்கள். ஓதிப் பார்த்தார்கள். தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார்கள். பதினெட்டாவது வயதில், 2007 இல், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நாங்கள் பள்ளியில் இருந்த நேரத்தில் அது வீட்டைவிட்டுப் போயிற்று. சென்னையில் திருநங்கைகளோடு இருப்பதாகப் பின்னர் தெரியவந்தது. அன்றுமுதல் அந்தப் பெயரை வீட்டில் எவரும் சொல்லவில்லை. அவளுடைய இப்போதைய பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் வேண்டாம் என்றாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் காக்கா என்னிடம் குடும்ப அட்டையைக் கொண்டுவந்தார். “அந்தப் பேர எடுத்துரு” என்றார். பெயர் நீக்குவதற்குக் காரணம் எழுத வேண்டும். இறந்துவிட்டார், மணமாகிச் சென்றுவிட்டார், வெளியூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார் – மனு எழுதுகிறவனுக்குத் தெரிந்த காரணங்கள் இந்த மூன்றுதாம். நான் மூன்றாவதை எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அதை எழுதியபோது இருந்த நிம்மதியை இன்று நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஒரு வரி நீக்கம், ஒரு முத்திரை. வீட்டில் ஒரு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

அந்த ஆண்டுகளில் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையருக்கென ஒரு நல வாரியத்தைத் தமிழ்நாடு அரசு 2008 இல் அமைத்திருந்தது. அந்த வாரியம் அவளுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்திருந்தது. நாங்கள் இங்கே பெயரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே ஓர் அலுவலகம் அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தது.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் வாப்பா அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. ஒரு நாள் இரவு அவர் திருவிதாங்கூர்–கொச்சிக்காரராகப் படுத்தார், காலையில் சென்னை மாகாணத்துக்காரராக எழுந்தார். 1956 நவம்பர் 1 ஆம் தேதி கல்குளம் உட்பட நான்கு தாலுகாக்கள் இந்தப் பக்கம் சேர்ந்தன. வாப்பா பாயைவிட்டு நகரவில்லை. கோடுதான் நகர்ந்தது. பத்மநாபபுரத்து அரண்மனையைப் பாருங்கள். அது நிற்கும் மண் தமிழ்நாடு, பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறை. சுற்றுலா வருகிறவர்கள் இதைக் கேட்டு வியப்பார்கள். எங்களுக்கு வியப்பில்லை. ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதைத் தாள் ஒரு விதமாகவும் மண் இன்னொரு விதமாகவும் சொல்லக்கூடும் என்று பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

ஆனாலும் தாள் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்னும் அச்சம் எங்களுக்கு வந்தது 2019 டிசம்பரில்தான். உங்களில் பலருக்கும் அந்த நாட்கள் நினைவிருக்கும். அசாமில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருந்தனர். டிசம்பர் 12 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த இரண்டு மாதங்கள் என் மேசைக்கு முன் வரிசை நின்றது. உம்மாவின் பிறப்புச் சான்று, உப்பாவின் பழைய பத்திரம், பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்த ஒரு பிரமாண வாக்குமூலம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, தன் நிக்காஹ் எழுதிய ஜமாஅத் பதிவேட்டுத் தாளைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். “இதுல என் பேரு இருக்கா மக்களே, பாத்துச் சொல்லு” என்றார்.

ஓர் இரவு எங்கள் வீட்டுத் தாள்களையும் எடுத்துச் சரிபார்த்தேன். காக்காவின் பழைய குடும்ப அட்டையில் உள்தாளில் ஒரு பெயர் மேல் சிவப்பு மையில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் முத்திரை. அந்தக் கோட்டுக்கு மனு எழுதிய கை என்னுடையது. ஊரெல்லாம் தன் பெயர் பட்டியலில் இருக்குமா என்று அஞ்சி நடுங்கிய அந்த மாதத்தில், அந்தப் பிள்ளை எந்தத் தாளைக் காட்டித் தன்னை இன்னாருடைய பிள்ளை என்று நிறுவும்? அசாமில் இதே கேள்வியை எழுப்பி ஒரு வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போயிருந்தது. அங்கே லோக் அதாலத்தில் நீதிபதியாக அமர்ந்த திருநங்கை சுவாதி பிதான் பருவா தொடுத்தது. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட திருநரிடம் பெற்றோரோடு தொடர்பு காட்டும் ஆவணம் எப்படி இருக்கும் என்பதே அதன் சாரம். நாளிதழில் அதைப் படித்தபோது மற்றவர்களுக்கு அது செய்தி. எனக்கு அப்படியில்லை.

படித்தேன், மடித்து வைத்தேன், ஒன்றும் செய்யவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். காக்கா உயிரோடு இருந்தார். அவர் முகத்துக்கு அஞ்சினேன்.

இப்போது காக்கா இல்லை. வெறுமையான நான்காவது வரி மட்டும் இருந்தது. மைனி இத்தாவில் இருந்தார். கதவுக்கு வெளியே நின்று, “அந்தப் பிள்ளையோட நம்பர் யார்ட்டயாவது இருக்குமா மைனி?” என்று கேட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு தம் கைப்பேசியைப் பேத்தியிடம் கொடுத்தனுப்பினார். “கேஸ் ஆபீஸ்” என்று ஓர் எண் பதிந்திருந்தது. காக்காவுக்குத் தெரியாமல் பதினோரு ஆண்டுகளாக அந்தக் கேஸ் ஆபீசோடு மைனி பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் வந்தாள். நாகர்கோவிலில் இரயிலைவிட்டு இறங்கிப் பேருந்து பிடித்து, நீல நிறச் சேலையும் தலையில் முக்காடுமாக. எனக்குச் சலாம் சொன்னாள். குரலைக் கேட்டுத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. வாப்பாவின் மய்யித்தைப் பார்க்க ஏன் அழைக்கவில்லை என்று கேட்பாள் என்று ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“என் பேர வெட்டுன மனு நீங்க எழுதுனதுதானே சாச்சா? கையெழுத்து எனக்குத் தெரியும்.”

பழைய அட்டையின் நகலையும் மனுவின் நகலையும் மைனி எப்போதோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார். ஆம் என்றேன். அவள் தலையசைத்தாள், அவ்வளவுதான்.

அதற்குள் வீட்டில் ஒரு சலசலப்பு. இத்தா இருக்கும் பெண்ணின் அறைக்குள் இவள் போகலாமா, இவள் ஆணா பெண்ணா, அந்நியரா மஹ்ரமா என்று மாமிமார் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் பள்ளிக்கு ஓடி இமாமைக் கேட்டேன். வயதில் என்னைவிட மிக இளையவர், நன்றாக ஓதியவர். ஒரு கணம் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “பெற்ற பிள்ளைதானே? ஆணென்று வைத்தாலும் மஹ்ரம், பெண்ணென்று வைத்தாலும் மஹ்ரம். இதில் என்ன சந்தேகம்?” என்றார். இவ்வளவு எளிய பதில் எங்கள் எவருக்கும் தோன்றவில்லை. நான் திரும்பி வந்து சொல்வதற்குள் மைனியே கதவைத் திறந்துவிட்டிருந்தார். “வா மக்களே” என்னும் குரல் முற்றம் வரை கேட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் பெற்றவள் மகனையும் மக்களே என்றுதான் அழைப்பாள், மகளையும் மக்களே என்றுதான் அழைப்பாள்.

அன்று இரவு அவள் தன் தாள்களை எடுத்து விரித்தாள். தொழில் பழக்கத்தில் ஒவ்வொன்றாகப் படித்தேன். நல வாரிய அட்டை. ஆதார். மாவட்ட ஆட்சியர் வழங்கிய அடையாளச் சான்றிதழ். இதற்குப் பின்னால் உள்ள வரலாற்றை அவளிடம் கேட்டும், பின்னர் நானே தேடிப் படித்தும் அறிந்துகொண்டேன். மனு எழுதுகிறவர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கில் நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி இருவரும் தீர்ப்பளித்தனர். ஒருவர் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ மூன்றாம் பாலினமென்றோ தாமே உணர்ந்து அறிவிக்கலாம், அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது, அரசியல் சட்டம் குடிமகன் என்றும் நபர் என்றும் சொல்லும் இடங்களிலெல்லாம் இவர்களும் அடக்கம் என்றது அத்தீர்ப்பு. உடுக்கும் உடையும் கருத்துரிமையின் பகுதி என்றும் சொன்னது. அதன் பின்னர் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2015 இல் பிரித்திகா யாஷினி சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடிக் காவல் உதவி ஆய்வாளர் பணிக்கான உரிமையைப் பெற்றார். 2018 இல் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த சத்யஸ்ரீ ஷர்மிளா வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடியில் மணம் முடித்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதலளித்தார். தேதியைக் கவனித்தீர்களா? நம்மை உறங்கவிடாத அந்தச் சட்டத்துக்குச் சரியாக ஏழு நாள் முன்பு. திருநரில் பலரும் இந்தச் சட்டத்தில் நிறைவடையவில்லை. தீர்ப்பு கொடுத்த தன்னறிவிப்பு உரிமையை ஆட்சியரின் சான்றிதழுக்குள் அடக்கிவிட்டது என்றார்கள். பாலியல் கொடுமைக்குக்கூட அதிகபட்சத் தண்டனை இரண்டே ஆண்டு என்றால், எங்கள் உடலுக்கு மதிப்பு அவ்வளவுதானா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சட்டத்தின் 12 ஆம் பிரிவைப் படித்தபோது நான் சிறிது நேரம் எழுந்து நடக்க வேண்டியிருந்தது. பெற்றோரோ நெருங்கிய குடும்பத்தாரோ வாழும் வீட்டில் வாழ்வதற்குத் திருநருக்கு உரிமை உண்டு, அவரை அந்த வீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது அது. வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ வெளியேறும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது 18 ஆம் பிரிவு. நாட்டில் யார் இருக்கலாம் என்பதைச் சட்டம் சொல்லும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள் யார் இருக்கலாம் என்பதையும் ஒரு சட்டம் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதாயிற்று.

இதற்கு முன் ஒரு சட்டம் இருந்தது. 1871 இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி வட இந்தியாவில் இவர்களுக்கென்றே ஒரு பதிவேட்டை வைத்தது. அதில் பதியப்பட்டவர் உயில் எழுத முடியாது, தானம் கொடுக்க முடியாது, சிறுவருக்குப் பாதுகாவலராக இருக்க முடியாது, பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. பட்டியலில் பெயர் இருப்பதே தண்டனையாக இருந்த காலம் அது.

மறுநாள் உறவினர் ஒருவர், “சேலை கட்டுறதுக்கெல்லாம் கோர்ட்டும் சட்டமுமா?” என்று ஏளனமாகக் கேட்டார். அவரிடம் கோட்டைச் சுவரைக் காட்டினேன். இதே கல்குளத்திலும் இரணியலிலும் 1822 இல் மேலாடை அணிந்த பெண்களின் துணியைத் தெருவில் கிழித்தார்கள். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று திருவிதாங்கூர் அரசர் அறிவிக்க 1859 ஜூலை 26 வரை ஆயிற்று. யார் எதை உடுக்கலாம் என்பது இந்த மண்ணில் முப்பத்தேழு ஆண்டு நடந்த வழக்கு. உறவினர் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் மனம் மாறினார் என்று சொல்லமாட்டேன்.

இனி பங்கு விஷயம். இதில்தான் எனக்கு மார்க்கத்தின் வழி தெரிய வேண்டியிருந்தது.

இளையவனின் வாதம் இது: அவன் ஆணாகவும் இல்லை, பெண்ணாகவும் இல்லை, மார்க்கத்துக்கு வெளியே போய்விட்டான், பங்கு கிடையாது. அவனை வில்லனாக எழுத எனக்கு விருப்பமில்லை. காக்காவின் கடைசி ஆறு ஆண்டுகளில் மலஜலம் எடுத்தவன் அவன்தான். நான் அவனையும் அழைத்துக்கொண்டு அஸருக்குப் பின் இமாமிடம் போனேன். அவர் எதையும் மழுப்பவில்லை. பெண்களைப் போல வேடமிடும் ஆண்களை நபி (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸ் இருக்கிறது, அதை நான் மறைக்க முடியாது என்றார். ஆனால் இமாம் நவவி (ரஹ்) அதற்கு விளக்கம் எழுதும்போது இரு வகையினரைப் பிரிக்கிறார் என்றார். வேண்டுமென்றே பெண்ணைப் போல் நடிப்பவர் ஒருவர். பிறவியிலேயே அந்த இயல்போடு படைக்கப்பட்டவர் இன்னொருவர், அவர்மீது பழியும் இல்லை, பாவமும் இல்லை. மருதாணி இட்ட ஒருவரை மதீனாவில் நபியவர்களிடம் கொண்டுவந்து நிறுத்தியபோது ஊருக்கு வெளியே அனுப்பினார்கள் என்பதும் அபூதாவூதில் உள்ளது, கொன்றுவிடலாமா என்று தோழர்கள் கேட்டபோது தொழுகிறவரைக் கொல்லத் தமக்குத் தடை என்று மறுத்தார்கள் என்பதும் அதே ஹதீஸில் உள்ளது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றார்.

“சரி, பங்கு?” என்றான் இளையவன்.

இமாம் கிதாபைத் திறந்தார். பாலினம் தெளிவாகத் தெரியாமல் பிறக்கும் குன்ஸா முஷ்கிலுக்கென்று ஃபராயிள் நூல்களில் தனி அத்தியாயமே உண்டு. தொழுகையில் சிறுவர் வரிசைக்குப் பின்னும் பெண்கள் வரிசைக்கு முன்னும் அவருக்கு இடம் உண்டு. சொத்திலும் இடம் உண்டு. எங்கள் கணக்கையே அவர் எடுத்துக்கொண்டார். வீட்டு மனை எட்டு சென்ட். எங்கள் வாப்பாவும் உம்மாவும் முன்பே மௌத்தாகிவிட்டதால் மைனிக்கு எட்டில் ஒன்று, ஒரு சென்ட். மீதி ஏழு. மூத்த பிள்ளையை மகனென்று கொண்டால் இரு மகன்களுக்கும் 2.8, 2.8, மகளுக்கு 1.4. மகளென்று கொண்டால் அவளுக்கும் தங்கைக்கும் 1.75, 1.75, இளையவனுக்கு 3.5. குன்ஸா முஷ்கிலாக இருந்தால் ஷாஃபி மத்ஹபில் என்ன செய்வார்கள் தெரியுமா? ஒவ்வொருவருக்கும் இரண்டு கணக்கிலும் எது குறைவோ, எது நிச்சயமோ, அதைக் கொடுப்பார்கள். மூத்தவருக்கு 1.75, இளையவனுக்கு 2.8, தங்கைக்கு 1.4. மிச்சம் 1.05 சென்ட். அதை யாருக்கும் கொடுக்காமல், உண்மை தெளியும் வரை அல்லது அவர்களே சமாதானமாகும் வரை நிறுத்தி வைப்பார்கள்.

நான் அந்த 1.05 சென்ட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் இமாம்கள் கணக்கில் சந்தேகம் வந்தபோது பங்கைத்தான் நிறுத்தினார்கள். நான் ஆளையே நிறுத்தியிருந்தேன்.

இவளுடைய நிலை அதுவல்ல என்றும் இமாம் சொன்னார். இவள் உடல் பிறப்பில் தெளிவாக இருந்தது, ஆகவே தம் பார்வையில் மார்க்கப்படி மகனின் பங்கு என்றார். இவளுடைய உடையையும் சிகிச்சையையும் தாம் சரியென்று சொல்லவில்லை, ஆனால் அது வேறு கேள்வி. வாரிசுரிமையைத் தடுக்கும் காரணங்களை நூல்கள் எண்ணி வைத்திருக்கின்றன: இறந்தவரைக் கொன்றது, மதம் வேறாவது, அடிமை நிலை. உடையை நான்காவதாகச் சேர்க்க நமக்கு அதிகாரமில்லை என்று கிதாபை மூடினார். 2016 இல் பாகிஸ்தானில் லாகூரைச் சேர்ந்த சுமார் ஐம்பது உலமாக்கள் சேர்ந்து ஒரு ஃபத்வா கொடுத்ததையும் அவர்தாம் குறிப்பிட்டார். திருநருக்குப் பங்கு மறுக்கும் பெற்றோர் அல்லாஹ்வின் கோபத்துக்கு ஆளாவார்கள், அவர்களுடைய ஜனாஸாவும் ஏனைய முஸ்லிம்களுடையதைப் போன்றே நடக்க வேண்டும் என்பது அதன் பொருள். அதே நாட்டில் 2018 இல் வந்த சட்டத்தின் சில பிரிவுகளை 2023 மே மாதம் மத்திய ஷரீஅத் நீதிமன்றம் இரத்து செய்தது. அதையும் பின்னர் அவரே எனக்கு அனுப்பினார். விவாதம் முடிந்துவிட்டது என்று நான் எண்ணிவிடக் கூடாதாம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் என்று எழுதினால் 2.8, மகள் என்று எழுதினால் 1.75. சொத்தில் அவரவர் பங்கைப் பின்னால் பத்திரத்தில் வேறு விதமாகவும் வைத்துக்கொள்ளலாம், இந்தப் பட்டியலில் உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மனு எழுதுகிறவனாக முப்பத்தைந்து ஆண்டில் எவரிடமும் கேட்டிராத கேள்வி.

“மகள்னு எழுதுங்க சாச்சா. ஒரு செண்டு போனாப் போகட்டும்.”

“தொண்டைக்கு வந்தத எல்லாம் பேசாத. இன்னைக்கு சென்ட் என்ன விலைன்னு தெரியுமா?” என்றேன். இதுவும் தொழில் பழக்கம்.

அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் முறை.

நம்மிடம் வாரிசு தன் பங்கிலிருந்து தானே விட்டுக்கொடுக்கலாம், அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். மற்றவர்கள் அவரைக் கேளாமல் விடுவிக்க முடியாது. ஆகவே முதலில் பெயர் வர வேண்டும். பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிலும் உள்ள பழைய பெயரை எழுதி, ‘என்கிற’ என்று போட்டு, ஆட்சியர் சான்றிதழில் உள்ள பெயரை எழுதினேன். அந்த ‘என்கிற’ எங்கள் தொழிலில் ஒரு நல்ல சொல். செல்லப்பெயர் கொண்டவர், மதம் மாறியவர், பட்டாவில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் உள்ளவர் எல்லாரையும் அது தாங்கியிருக்கிறது. சான்றிதழின் நகலையும் பிரமாண வாக்குமூலத்தையும் இணைத்தேன். உறவுமுறைக் கட்டத்தில் மகள் என்று எழுதினேன். இளையவன் பார்த்தான், கையெழுத்திட்டான். அவனுக்கு 0.7 சென்ட் கூடுவதால்தான் கையெழுத்திட்டான் என்று மாமி ஒருத்தி சொன்னாள். இருக்கலாம். மறுநாள் காலையில் அவளைப் பேருந்து நிலையம் வரை வண்டியில் கொண்டுவிட்டவனும் அவன்தான்.

விசாரணை நடந்தது, கேள்விகள் வந்தன, கூடுதலாக இரண்டு தாள் கேட்டார்கள், கொடுத்தோம். நான்கு பெயரோடு சான்றிதழ் வந்தது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

புறப்படும் முன் அவள் கேட்ட ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. “நான் மௌத்தானா என்ன எங்க அடக்குவீங்க சாச்சா?” சென்னையில் அவர்களுக்குள் ஓர் அமைப்பு இருக்கிறது. குரு, சேலா, நானி என்று உறவுமுறை உண்டு. சண்டை வந்தால் பஞ்சாயத்து உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ஜமாத். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் சேர்ந்த அந்தக் கூட்டத்துக்கு அதுதான் பெயர். “உங்க ஜமாஅத்துல இல்லாதவங்களுக்குன்னு ஒரு ஜமாத் சாச்சா. ஆனா எங்க ஜமாத்துக்குக் கப்ருஸ்தான் கிடையாது.”

மஹல்லாவின் குடும்பப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் எங்கள் ஊரில் கப்ருஸ்தானில் குழி. நிக்காஹ் என்றாலும் அதே பதிவேடுதான். அதிலிருந்தும் அவள் பெயர் போயிருந்தது. அந்த நீக்கத்துக்கு மனு எதுவும் இல்லை, எழுதியவர் யாரென்றும் தெரியவில்லை. நிர்வாகக் குழுவிடம் நான் எழுதிக்கொடுத்த மனு மூன்று கூட்டங்களில் வாசிக்கப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது. நான்காவதில் வாசித்தார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார். ஒருவர், “வாரிசுச் சான்றிதழிலேயே பேரு இருக்குதே, நாம என்ன சொல்ல?” என்றார். முடிவு எழுதப்படவில்லை.

இதற்கிடையில் அவள் மாதா மாதம் எனக்குப் பணம் அனுப்பத் தொடங்கினாள். சந்தாவாம். தன் பெயரில் கட்டச் சொன்னாள். சென்ற மாதம் வசூலுக்கு வந்த பையன் பணத்தை வாங்கிக்கொண்டு, பெயருக்கான இடத்தில் ‘வீட்டார்’ என்று எழுதி ரசீதைக் கிழித்துக் கொடுத்தான். அதைப் படம் எடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ரசீதுப் புத்தகம் செயலாளரின் கையில் இருக்கும். பேனாவை நான் கொண்டுபோகிறேன்.